கொம்பும் காலும்

"கொஞ்சம் குடு பாலாஜி" என்று கைப்பேசியை வாங்கி, 'போண்டா'வின் முதல் எழுத்துக்குப் பக்கத்தில் கர்சரை நிறுத்தி, பேக்ஸ்பேஸை ஒரே ஒரு தடவை தட்டுகிறாள் வினோதினி. கால் மட்டும் மறைந்து 'பேண்டா' என்று நிற்கிறது. "பாத்தியா, ரெண்டா கீது" என்கிறாள், எக்ஸ்ரேயில் எலும்பு முறிவைப் பார்த்துவிட்ட குரலில். வேங்கிக்காலில் டிபன் கடை வைத்திருக்கும் பாலாஜி, சுவரிலுள்ள டிவியில் ஓட விடுவதற்காக அன்றைய பட்டியலைத் தட்டிக்கொண்டிருந்தவன். "யக்கா, கூட்டம் வர்ற நேரம். பேண்டாவ எவன் துன்னுவான்?" என்கிறான். அவள் சிரிப்பதில்லை. 'பொங்கல்', 'தோசை' என்று அடுத்தடுத்துக் காலை எடுத்துப் பார்த்து, எல்லாவற்றையும் அழித்து, தானே சரியாகத் தட்டிக் கொடுத்த பிறகுதான் டீயைக் கையில் எடுக்கிறாள். அதற்குள் ஆடை படர்ந்திருக்கிறது.

'பொ' என்று கையால் எழுதும்போது முதலில் கொம்பு போடுகிறோம், பிறகு ப, கடைசியில் கால். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். கணினிக்குள் அந்தக் கொம்பும் காலும் இரண்டு விதமாகப் போய் உட்காரலாம். இரண்டும் ஒட்டி ஒரே குறியாக உட்காரலாம். அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாக உட்காரலாம். திரையிலும் தாளிலும் எந்த வேறுபாடும் தெரியாது. பேக்ஸ்பேஸுக்கு மட்டும் தெரியும். ஒரே குறி என்றால் ஒரே தட்டில் இரண்டும் போய்விடும். இரண்டு குறி என்றால் கால் மட்டும் கழன்று வரும். பள்ளி வாட்சப் குழுவில் வரும் அறிவிப்பு, உறவினர் அனுப்பும் காதுகுத்துப் பத்திரிகை, எதைப் பார்த்தாலும் நகலெடுத்து ஒட்டி, காலை எடுத்துப் பார்க்காமல் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. இது ஒரு வருடப் பழக்கம்தான். அதற்கு முன்பு அவளுக்கும் இந்த வேறுபாடு தெரியாது.

அவள் வேலை பார்ப்பது வேங்கிக்காலில் உள்ள ஓர் அலுவலகத்தில். பெயர் வேண்டாம். சொன்னால் முதலில் அடிபடுபவள் அவள்தான். அரசு அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருந்தாலும் அவள் அரசு ஊழியர் இல்லை. சென்னையிலுள்ள ஒரு நிறுவனம் அவளை ஒப்பந்தத்தில் அங்கே உட்கார வைத்திருக்கிறது. வருடா வருடம் மார்ச் மாதம் வந்தால் வேலை இருக்குமா என்று தெரியாது. கணினிகள் இருக்கும் அறையில் ஏசி உண்டு, இயந்திரங்களுக்காகப் போட்டது. மலைக்கல் சூடேறி ஊரே அடுப்பாகக் கிடக்கும் சித்திரை மாதத்திலும் அவள் கணவனின் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முப்பத்தாறு வயது. நெற்றியில் திருநீற்றுக் கீற்று. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவளுக்கு இருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

அலுவலகத்தில் அவளுக்குப் 'போஸ்ட்மார்ட்டம் அக்கா' என்று பெயர். நேற்று இருந்த விவரம் இன்று காணவில்லை, ஒருவரின் வயது திடீரென்று இருபது கூடிவிட்டது, பிரபாகரன் பிரபாவதியாகிவிட்டார் என்றெல்லாம் புகார் வரும்போது அவளைக் கூப்பிடுவார்கள். விவரங்களைச் சேமிக்கும் தரவுத்தளம் ஒவ்வொரு மாற்றத்தையும் நடந்த வரிசையில் தனியே குறித்துக்கொண்டே போகும். அதை அவர்கள் 'லாக்' என்கிறார்கள். யாரும் படிப்பதற்காக எழுதப்படும் குறிப்பு இல்லை அது. இயந்திரம் விழுந்துவிட்டால் தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொள்வதற்காக எழுதி வைத்துக்கொள்வது. எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து, மூச்சு விட இடமில்லாமல் ஓடும் நீண்ட சரம். அதிலிருந்து மனிதன் படிக்கக்கூடிய ஒரு வரியைப் பிரித்து எடுப்பதுதான் அவள் வேலை.

அதில் பெயர் என்றோ ஊர் என்றோ தலைப்பு இருக்காது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்றுதான் இருக்கும். ஏழாவது இடத்தில் நிற்பது கணவர் பெயரா, கிராமத்தின் பெயரா என்பதை அவள்தான் பழைய அமைப்போடு பொருத்திக் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ் எழுத்துகளை எப்படி அடையாளம் காண்கிறாய் என்று கேட்டேன். "ஈ, சைபர், ஏ, ஈ-னு வந்தா நம்மாளு வந்துட்டான்னு அர்த்தம்" என்றாள். ஒரு விவரம் திருத்தப்பட்டிருந்தால் பதிவில் இரண்டு வரிகள் இருக்கும். திருத்துவதற்கு முன்பு இருந்தது ஒன்று, பின்பு இருப்பது ஒன்று. அழிக்கப்பட்டிருந்தால் ஒரே வரிதான். "அழிச்சதுக்கு முன்னாடி மட்டுந்தான் இருக்கும். பின்னாடி இருக்காது" என்பாள்.

அவளுக்குப் பிடிக்காத சொல் 'போயிடுச்சு.' 'டேட்டா போயிடுச்சு மேடம்' என்று யாராவது வந்து நின்றால் முகம் சுருங்கும். "தானா எதுவும் போவாதுங்க. யாராவது அனுப்பியிருக்கணும்" என்பாள். கடவுள் செயல், காலத்தின் கோலம், கணினிக் கோளாறு என்று செய்தவனைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்லிப் பழகிய நாட்டில், இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று முதலில் நினைத்தேன். வீட்டிலும் இதே கதைதான். கணவர் முருகவேல் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். "எங்க வீட்ல உப்பு டப்பா கூட எடம் மாற முடியாதுங்க. முன்னாடி எங்க இருந்துச்சு, யாரு எடுத்தா, எதுக்கு எடுத்தா, விசாரணை முடிஞ்சாதான் சோறு" என்கிறார்.

அந்த 'யாரு எடுத்தா' ஒருநாள் அவளிடமே திரும்பி வந்தது.

பொன்னி என்பவர் அடி அண்ணாமலையைத் தாண்டி, ஓர் ஏரிக்கரையில் குடியிருந்தவர். ஐம்பதைக் கடந்தவர். செங்கம் சாலையில், ஆசிரமப் பகுதி விடுதிகளில் அறை துடைப்பவர். மன அமைதி தேடி எங்கெங்கிருந்தோ வருகிறவர்களின் படுக்கை விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டு அவருக்கு முதுகு வளைந்திருக்கிறது. ஏரியின் எல்லைக்குள் இருப்பதால் அந்தக் கரையிலிருந்த குடிசைகளை எல்லாம் அகற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆக்கிரமிப்பு என்பது சட்டத்தின் சொல். வாய்க்காலை மூடி மாடி மாடியாகக் கட்டியவர்களுக்கு அந்தச் சொல் ஏனோ பொருந்துவதே இல்லை. அது கிடக்கட்டும். அகற்றப்படும் குடும்பங்களுக்கு மாற்று மனை தருவதாகச் சொல்லி முகாம் நடத்தினார்கள். பொன்னியும் வரிசையில் நின்று விண்ணப்பித்தார். ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். அதை நாலாக மடித்து, மஞ்சள் தடவிய பாலித்தீன் பையில் வைத்துக்கொண்டார்.

மனை பெறுவோர் பட்டியல் வந்தபோது அவர் பெயர் இல்லை. அது மட்டுமில்லை. சீட்டிலுள்ள எண்ணைத் தட்டினால் அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை என்றது கணினி. வினோதினியின் அலுவலகத்தில் மனை ஒதுக்கும் பிரிவின் கண்காணிப்பாளர் மூர்த்தி சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஜெராக்ஸ் கடைல இது மாதிரி எத்தினி வேணா அடிச்சுக் குடுப்பான்மா" என்று சொல்லிவிட்டார். பத்துப் பேர் நிற்கும் இடத்தில் சொன்னார். பொன்னி சீட்டைத் திரும்ப வாங்கி, பையிலிருந்த மஞ்சள் கறை படாமல் மடித்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறார். அடுத்த வாரமும் வந்து அதே இடத்தில் நின்றிருக்கிறார். அவர் பின்னால் இன்னும் சிலர், அதேபோன்ற சீட்டோடு.

போலிச் சீட்டு அடிக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது என்று மூர்த்தி உண்மையிலேயே நம்பினார். அதை நிரூபிக்கத்தான் வினோதினியைக் கூப்பிட்டார். இந்த எண்கள் எந்தக் காலத்திலும் கணினியில் இருந்ததில்லை என்று ஒரு சான்று எழுதிக் கொடுத்தால் போதும், காவல்துறைக்கு அனுப்பிவிடலாம் என்றார். ஆக, பொன்னியைப் பொய்யர் என்று காட்டுவதற்காகத்தான் அவள் அந்த லாக்கைத் திறந்தாள்.

முகாம் நடந்த தேதியிலிருந்து ஆரம்பித்தாள். பொன்னியின் விண்ணப்பம் சேர்க்கப்பட்ட வரி கிடைத்தது. சீட்டு உண்மை. பிறகு அதே எண்ணைத் தேடிக்கொண்டே முன்னே வந்தாள். சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் அந்த வரி அழிக்கப்பட்டிருந்தது. அது மட்டுமில்லை, அடுத்தடுத்து அறுபதுக்கும் மேற்பட்ட வரிகள் அதே மூச்சில் அழிக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னாடி மட்டும் இருந்தது. பின்னாடி இல்லை.

யார் அழித்தது என்று பார்த்தாள். அவளுடைய கணக்கிலிருந்துதான் ஆணை போயிருந்தது.

அந்த மத்தியானம் அவளுக்கு நினைவிருந்தது. சென்னையிலிருந்து நிறுவனம் ஒரு நிரலை அனுப்பியிருந்தது. விண்ணப்பங்களில் உள்ள பெயரையும் குடும்ப அட்டையில் உள்ள பெயரையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாதவற்றைப் போலி என்று நீக்கும் நிரல். இதை ஓட விடுங்கள் என்றார்கள். ஓட விட்டாள். ஓடிக்கொண்டிருந்தபோது தயிர்சாதம் சாப்பிட்டாள். 'விதிப்படி நீக்கப்பட்டது' என்று முடிவில் ஒரு வரி வந்தது. சரி என்று பொத்தானை அழுத்திவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். விதி என்றால் சட்டம் என்றும் பொருள், தலைவிதி என்றும் பொருள். நம் அலுவலகங்களுக்கு இதைவிட வசதியான சொல் இந்த மொழியில் கிடைக்காது.

ஆனால் பெயர்கள் ஒத்துத்தான் இருந்தன. குடும்ப அட்டையில் பொன்னி, விண்ணப்பத்திலும் பொன்னி. ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் ஒரு புள்ளி கூட மாறவில்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், அச்செடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் அழிந்த பெயர்களை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். பொன்னி. கோதண்டம். லோகம்மாள். சொக்கலிங்கம். மொட்டையம்மா. தோப்புலான். "படிக்கப் படிக்க எனக்கு வாய் குவிஞ்சுகினே இருந்துச்சுங்க. குவிச்ச வாயை மூட முடியல. அப்பதான் தெரிஞ்சுது" என்றாள். ஒகரமோ ஓகாரமோ இல்லாத ஒரு பெயரும் அந்தச் சாவுப் பட்டியலில் இல்லை. வள்ளி இருந்தார், இருசப்பன் இருந்தார், சகாதேவன் இருந்தார், மனை பெறுவோர் பட்டியலில் பத்திரமாக. குவிந்த வாயோடு கூப்பிட வேண்டிய பெயர்க்காரர்கள் மட்டும் இல்லை.

அதன் பிறகு எண்களைப் பார்த்தாள். லாக்கிலிருந்த விண்ணப்பப் பொன்னி, குடும்ப அட்டைப் பொன்னியைவிட நீளமாக இருந்தார். "மூணு பைட் ஜாஸ்தி" என்றாள் என்னிடம், ஏதோ பொன்னி உயரமாக வளர்ந்துவிட்டதைப் போல. குடும்ப அட்டையில் கொம்பும் காலும் ஒரே குறி. விண்ணப்பத்தில் கொம்பு தனி, கால் தனி. கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருந்த அந்தப் பெயரை, இருவேறு ஆட்கள் என்று நிரல் முடிவு செய்துவிட்டது. முடிவு செய்ததோடு நிற்கவில்லை. ஒரு மனிதரிடம் போய்க் கேள் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. அழி என்று சொல்லித் தந்திருந்தார்கள்.

முகாமில் தட்டச்சு செய்தவள் ஆர்த்தி என்ற பெண். தினக்கூலிக்கு வந்தவள். தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ் லோயரும் ஹையரும் முடித்தவள். பழைய தட்டச்சுப் பொறியில் எப்படிக் கற்றாளோ அப்படியே, கொம்பைத் தட்டி, ப தட்டி, காலைத் தட்டியிருந்தாள். "அந்தப் பொண்ணு தப்பு பண்ணல. நீங்களும் நானும் கையால எப்படி எழுதுவோமோ அப்படித்தான் அடிச்சிருக்கு. தமிழ் தெரியாதவங்க யாரும் அப்படி அடிக்கமாட்டாங்க" என்றாள் வினோதினி.

அவள் மூர்த்தியிடம் போனபோது பட்டா வழங்கும் விழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. அவள் கொண்டுபோன தாள்களை முழுக்கப் படித்தார். பேக்ஸ்பேஸை அழுத்திக் காட்டச் சொல்லி இரண்டு தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொன்னியைச் சொன்ன சொல் அவருக்கு உறுத்தியது என்றுதான் நினைக்கிறேன்.

"கையெழுத்து ஆயிடுச்சும்மா. இருக்கிற மனை எல்லாத்துக்கும் ஆளு போட்டாச்சு. இப்ப போயி கால் தனியா நிக்குதுன்னு நான் யாருகிட்ட சொல்றது? என் கையில என்னா கீது?" என்றார்.

விழா நடந்தது. மாலை, மேளம், வாழ்த்துப் பேச்சு. மனை வாங்கியவர்கள் எல்லோரும் உண்மையான ஏழைகள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏரிக்கரைக்குப் பொக்லைன் அந்த மாதக் கடைசியில் வந்தது. பட்டா இருந்தவர்கள் முன்பே சாமான்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பொன்னியும் சீட்டு வைத்திருந்த மற்றவர்களும் சீட்டைக் காட்டினார்கள். வந்த அதிகாரி பட்டியலைப் பார்த்தார். பட்டியலில் இல்லாதவர்களுக்கு மாற்று மனை கிடையாது, ஆனால் குடிசை இடிக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலில் அவர்கள் இருந்தார்கள். அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் நேரில் போய்க் கையால் எழுதியிருந்தார். அதில் எழுத்துப் பிழை ஒன்றும் நேரவில்லை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி இந்த ஊருக்கு வந்து மலையைச் சுற்றும் லட்சக்கணக்கான கால்களுக்குத் தண்ணீர் உண்டு, விளக்கு உண்டு, சிறப்புப் பேருந்து உண்டு, கூட்டம் எத்தனை என்று பார்க்க வானத்தில் பறக்கும் கேமரா உண்டு. வேண்டாம் என்று சொல்லவில்லை. இதையெல்லாம் செய்து முடிக்கத் தெரிந்த ஓர் ஏற்பாட்டுக்கு, ஒரு துணைக்காலைக் கண்டுபிடிக்க மட்டும் ஏன் நேரமில்லாமல் போனது என்றுதான் கேட்கிறேன். கேட்டால், அந்தம்மா தலையெழுத்து என்கிறார்கள். படித்தவர்கள் சொல்கிறார்கள். எழுத்து எங்கே இருந்தது, யார் தட்டியது, யார் அழித்தது என்று அத்தனையும் தாளில் அச்சாகிக் கிடக்கும்போது, இன்னும் மண்டையோட்டில் தேடச் சொல்கிறார்கள்.

என்ன நடந்தது என்று அறிக்கை கேட்டது நிறுவனம். கூடவே தொலைபேசியிலும் ஒருவர் பேசினார். தட்டச்சுப் பிழை என்று போட்டுவிடுங்கள், ஆபரேட்டர் பக்கம் என்று முடித்துக்கொள்ளலாம், உங்களுக்கும் நல்லது, மார்ச் வருகிறது என்றார். நல்ல மரியாதையாகத்தான் பேசினார் என்கிறாள். அவள் எழுதிக் கொடுத்ததில் மூன்று வாக்கியங்கள் எனக்கு மனப்பாடம். 'பெயர்கள் சரியாகவே தட்டச்சு செய்யப்பட்டுள்ளன. ஒப்பிட்ட நிரல் தவறானது. அதை இயக்கியது நான்.'

அழிந்த வரிகள் அனைத்தையும் லாக்கிலிருந்து பிரித்தெடுத்து, பழையபடி கணினியில் சேர்த்தாள். ஒரு வரி விடவில்லை. இன்று பொன்னியின் எண்ணைத் தட்டினால் பெயர் வருகிறது. எதிரே, 'காத்திருப்பு' என்று வருகிறது. மனை வேண்டுமானால் புதிதாக நிலம் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அறிக்கைக்குப் பிறகு நடந்தவை சிறிய விஷயங்கள். லாக் கணினியின் வட்டில் இடத்தை அடைக்கிறது, இனி ஒரு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம் என்று உத்தரவு வந்தது. அதைச் செய்யும் கட்டளையைத் தட்டியவளும் அவள்தான். அதன் பிறகு லாக்கைப் பார்க்கும் அனுமதி அவள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. இப்போது அவள் டோக்கன் அச்சடிக்கும் இயந்திரத்தில் தாள் சிக்கினால் எடுத்து விடுகிறாள். ஆர்த்தியை அடுத்த முகாமுக்குக் கூப்பிடவில்லை. வினோதினி எழுதியும் கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, ஆள் போதும் என்றார்கள். யாராவது ஏதாவது காணவில்லை என்று வந்தால் இப்போது அந்த அலுவலகத்தில் "போயிடுச்சு" என்கிறார்கள். மறுப்பதற்கு ஆளில்லை.

முன்பெல்லாம் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போவாள். இப்போது போவதில்லை. கேட்டால் "கால் வலி" என்கிறாள். அந்தப் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டும்போது, இடித்த கரை தெரியும். மண் அடுப்புகள் மட்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன.

பொன்னியிடம் உண்மையைச் சொன்னது பாலாஜி கடையில். நானும் அங்கே இருந்தேன். திங்கட்கிழமை, மனு கொடுக்கும் நாள். பொன்னி இப்போது தன் அக்கா வீட்டில், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆறு பேரோடு ஏழாவது ஆளாகத் தங்கியிருக்கிறார். வேலைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தார். வினோதினி ஒரு காகிதத்தில் கொம்பையும் ப-வையும் காலையும் எழுதி, நடந்ததை முதலிலிருந்து விளக்கினாள். பொன்னி அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவர். உன்னிப்பாகக் கேட்டார்.

"அப்ப எம்பேரே கோளாறா?"

"பேருல ஒண்ணும் இல்லக்கா. பேரு நல்லாத்தான் கீது."

"வள்ளின்னு மாத்திக்கினா குடுப்பாங்களா? அதுல கொம்பும் இல்ல, காலும் இல்ல" என்றார் பொன்னி. பாலாஜி சிரித்துவிட்டான். பொன்னியும் சிரித்தார். "கொம்பு வெச்சவன் ஊரை முட்டுவான். எனக்கு வெச்ச கொம்பு என்னையே முட்டுது. எந்தலையெழுத்து."

"தலையெழுத்து இல்லக்கா" என்றாள் வினோதினி. "வெறும் எழுத்து. அழிச்சது நானு. நாந்தான் ஓட விட்டேன். எனக்குத் தெரியாது, ஓட விடுன்னாங்க, விட்டேன்."

பாலாஜி வடைச் சட்டியில் கரண்டியை விட்டபடி நின்றான். பொன்னி டீ டம்ளரைக் கீழே வைத்தார். திட்டவில்லை. அந்தக் காகிதத்திலிருந்த மூன்று துண்டுகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

"பொக்லைன் ஓட்டிகினு வந்தானே, அந்தப் புள்ளயும் அதாம்மா சொன்னான்" என்றார். "'நான் ஓட்றவன்தாங்க'ன்னான்."

அதற்குப் பிறகு எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு, மனு கொடுக்கப் போய்விட்டார். அவர் குடித்த டீக்கு வினோதினி காசு கொடுக்கப் போனாள். பொன்னி முன்பே கொடுத்துவிட்டிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வினோதினி, அலுவலகம் திறப்பதற்கு முன்பு, மனு தட்டச்சு செய்து கொடுக்கும் கடை வாசலில் வந்து நிற்கிறாள். பொன்னி கூப்பிடவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லை. பொன்னி சொல்லச் சொல்லக் கடைக்காரர் வழக்கமான வாக்கியங்களைத் தட்டுவார். போன வாரம் நானும் போயிருந்தேன். 'விண்ணப்பதாரர் பெயர்' என்ற இடத்தில் பொன்னி என்று வந்ததும், வினோதினி குனிந்து, கடைக்காரரின் கைக்குக் குறுக்கே கையை நீட்டி, முதல் எழுத்துக்குப் பக்கத்தில் கர்சரை நிறுத்தி, பேக்ஸ்பேஸைத் தட்டினாள். கால் கழன்றது. 'பென்னி' என்று நின்றது. கடைக்காரருக்கு இது பழகிப்போயிருந்தது. நாற்காலியைப் பின்னே தள்ளி இடம் விட்டார். அவள் எல்லாவற்றையும் அழித்து, விசைப்பலகை முறையை மாற்றித் திரும்பத் தட்டினாள். மறுபடி அதே இடத்தில் ஒரு தடவை பேக்ஸ்பேஸ். கொம்பும் காலும் சேர்ந்தே போயின. மறுபடி தட்டினாள். அச்செடுக்கச் சொன்னாள்.

மனு சூடாக வெளியே வந்தது. பொன்னி அதைக் கடை வாசல் கல்லின் மேல் வைத்து, பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடக் குந்தினார். காற்றில் தாள் எழும்பியது. வினோதினி எதிரே குந்தி, தாளின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். பொன்னி முதலில் கொம்பைப் போட்டார். கையைத் தூக்கினார். ப எழுதினார். மறுபடி கையைத் தூக்கி, எங்கே வைப்பது என்று ஒரு கணம் பார்த்தார். அவர் காலை இறக்கி முடிக்கும்வரை வினோதினி விரலை எடுக்கவில்லை.